வெயில் வேறு, வெக்கை வேறு: தருமபுரியின் சூடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாக எங்கள் தெருவில் மரக்கன்று நட்டு வருகிறோம். குழி தோண்டும்போது நின்று பார்ப்பவர்கள், தண்ணீர் ஊற்றும்போது வண்டியை நிறுத்திப் பேசுபவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் தருமபுரி நகரத்தை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். கிருஷ்ணகிரிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது வரும்போது அதையும் சேர்த்திருக்கிறேன்.

வெயில் எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது. இதில் தெருவுக்கும் பூங்காவுக்கும் என்ன வேலை?

நம் பேச்சிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வெயில், வெக்கை, புழுக்கம், அனல் என்று நான்கு சொற்களை நாம் தனித்தனியாக வைத்திருக்கிறோம். வெயில் வானத்திலிருந்து நேராக விழுவது. நிழலுக்குள் போனால் விட்டுவிடும். வெக்கை, சுட்டுப்போன சுவரும் தரையும் கூரையும் நம் மேல் திருப்பி வீசுவது. நிழலில் நின்றாலும், பொழுது சாய்ந்தாலும் விடாது. புழுக்கம், காற்றில் ஈரம் மிகுந்து அசைவும் நின்றுபோய் வியர்வை காயாமல் இருப்பது. அனல், காய்ந்த தரையைத் தடவிக்கொண்டு வரும் காற்று.

வெயிலை நாம் ஒன்றும் செய்ய முடியாது. வெக்கை அப்படியில்லை. அது முழுக்க நாம் கட்டியது. எந்த அகலத்தில் தெரு விட்டோம், எந்தத் திசையில் விட்டோம், மண்ணை எவ்வளவு மூடினோம், எந்த மரத்தை வெட்டினோம், எந்த ஏரியை வற்ற விட்டோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சூடு.

நகரம் சுற்றுப்புறக் கிராமங்களைவிடச் சூடாக இருப்பதை நகர வெப்பத் தீவு என்கிறார்கள். லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் நகரத்துக்குள்ளும் வெளியிலும் வெப்பமானி வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்து, 1818-இல் நூலாக வெளியிட்டார். பகலில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரவில்தான் நகரம் தெளிவாகச் சூடாக இருந்தது. 200 ஆண்டுக்கு முந்தைய அந்த முடிவை நம் ஊரில் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். சித்திரை மாதத்தில் இரவு எட்டு மணிக்குத் தருமபுரியிலிருந்து பென்னாகரம் சாலையில் இரண்டு சக்கர வண்டியில் போய்ப் பாருங்கள். கடைகளும் வீடுகளும் முடிந்து கொல்லைகள் தொடங்கும் இடத்தில் முகத்தில் சட்டென்று குளிர்ச்சி தட்டும். வானம் அதேதான், வேளையும் அதேதான். மாறியது தரை மட்டும்.

தருமபுரி மேட்டு நிலம் ஆயிற்றே. குளிர்ச்சியாக இருக்க வேண்டாமா?

கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறோம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அந்த வகையில் நமக்கு மூன்று டிகிரி சலுகை கிடைக்கிறது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டரில் இருப்பதால் அவர்களுக்கு இன்னும் மூன்று டிகிரி. ஆனால் கடற்காற்று நமக்கு எட்டாது. மலைகளுக்கு நடுவே கிடக்கும் வறண்ட நிலம் இது. இயற்கை கொடுத்த அந்த மூன்று டிகிரியைத் தாரும் காங்கிரீட்டும் போட்டு நாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

செய்தியில் 38 டிகிரி என்கிறார்கள். எனக்கு 45 போல இருக்கிறதே, பொய் சொல்கிறார்களா?

இல்லை. வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெள்ளையடித்த, பக்கவாட்டில் காற்றுப் புகும் மரப்பெட்டிக்குள், திறந்தவெளியில், தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு மேல் வைத்திருப்பார்கள். அது காற்றின் வெப்பத்தை மட்டும் அளக்கிறது. உங்கள் உடம்போ தலைக்கு மேலே வெயிலையும், காலடியில் தார்ச்சாலையின் சூட்டையும், பக்கத்தில் சுவர் வீசும் வெக்கையையும் சேர்த்து வாங்குகிறது.

மரத்தடியில் நிற்பவருக்கும் பத்தடி தள்ளி வெயிலில் நிற்பவருக்கும் காற்றின் வெப்பத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்காது. உடம்பு உணர்வதில் இருக்கும் வேறுபாடு அதைப் போலப் பல மடங்கு. "மரம் நட்டால் ஒரு டிகிரிதானே குறையும்" என்று சொல்பவர்கள் வெப்பமானியைப் பார்த்துப் பேசுகிறார்கள். நடந்து போகிறவரைப் பார்த்துப் பேசவில்லை.

பகலைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். இரவில் ஏன் வீட்டுக்குள் படுக்க முடியவில்லை?

1,000 சதுர அடி வீட்டுக்கு 5 அங்குலக் காங்கிரீட் தளம் போட்டால் அதன் எடை ஏறக்குறைய 28 டன். அந்த 28 டன் கல்லைக் காலை முதல் மாலை வரை வெயிலில் சுட வைத்து, இரவில் அதற்குக் கீழே கட்டில் போட்டுப் படுக்கிறோம். மேல்பக்கம் வாங்கிய சூடு கீழ்ப்பக்கத்துக்கு இறங்கிவரப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் வெளியே காற்று ஆறிய பிறகு உள்ளே கொதிக்கிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி இறக்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். தொட்டித் தண்ணீரைத் திறந்தால் குளிப்பதற்குக் காய்ச்சியது போல வரும்.

ஓட்டு வீட்டில் இவ்வளவு இருக்காது. ஓடு மெல்லியது, சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். இடுக்கு வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். அதற்காக எல்லோரும் ஓட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. தளம் போட்டால் அதன் மேல் வெயில் படாமல் பார்க்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு காரணம் தெருவில் இருக்கிறது. சூடான பொருள் இரவில் வானத்தைப் பார்த்துத்தான் ஆறும். உங்கள் சுவருக்கு எதிரே நாலடியில் அடுத்த வீட்டுச் சுவர் நின்றால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சூட்டைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். மேலே தெரியும் வானத் துண்டு எவ்வளவு சிறிதோ, ஆறுவது அவ்வளவு மெதுவாக நடக்கும்.

அப்படியானால் அகலமான தெருதான் நல்லதா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. குறுகிய தெரு பகலில் நிழல் தரும், இரவில் சூட்டைப் பிடித்து வைக்கும். அகலமான தெரு இரவில் சீக்கிரம் ஆறும், பகலில் கொளுத்தும். கோட்டைப் பக்கம் பழைய தெருக்களில் காலை பத்து மணிக்குத் திண்ணையில் உட்கார முடிகிறது. புதிய மனைப்பிரிவுகளில் அதே நேரத்துக்கு வாசலில் கால் வைக்க முடிவதில்லை. அகலமாகச் சாலை விட்டவர்கள் அதற்கு மேலே நிழலை விடவில்லை. குறை அகலத்தில் இல்லை.

நான் அகலத்தைவிடத் திசையைத்தான் முதலில் பார்ப்பேன். தருமபுரி 12 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி வேளைச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். கோடை முழுவதும் சூரியன் கிழக்கே எழுந்து ஏறக்குறைய தலைக்கு மேலாகவே மேற்கே போகிறது.

வடக்குத் தெற்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்கு வரிசை வீடுகள் நிழல் தரும், மாலையில் மேற்கு வரிசை வீடுகள் தரும். நண்பகல் இரண்டு மூன்று மணி நேரம்தான் வெயில். கிழக்கு மேற்காக ஓடும் தெருவிலோ சூரியன் தெருவின் நீளத்திலேயே நடந்து போகிறது. எந்த வீட்டு நிழலும் தெருவில் விழாது. எங்கள் தெரு அப்படிப்பட்டது. மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நேர் எதிரே சூரியனைப் பார்த்தபடி, புத்தகப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்துத்தான் முதல் குழியைத் தோண்டினோம்.

ஆகவே நகராட்சியோ ஊராட்சியோ ஆண்டுக்கு இத்தனை மரம் என்று நடுவதானால், கிழக்கு மேற்குத் தெருக்களில் தொடங்கட்டும். அதே கன்று, அதே செலவு, அங்கே அதிகப் பேருக்கு நிழலாகும். புதிதாக மனை பிரிப்பவர்கள் நீளமான தெருக்களை வடக்குத் தெற்காகவும், குறுக்குச் சந்துகளைக் கிழக்கு மேற்காகவும் போட்டாலே பாதி வேலை முடியும். வரைபடத்தில் ஒரு கோட்டைத் திருப்புவதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு வழி விடக் குறுக்குச் சந்துகளை அடைக்காமல் இருந்தால் போதும்.

சூரியன் ஏப்ரலில் உச்சிக்கு வருகிறது என்றால், கத்திரி வெயில் ஏன் மே மாதத்தில்?

தரை சூடாக நேரம் பிடிக்கும். அடுப்பைப் பற்ற வைத்தவுடன் உலை கொதிப்பதில்லை, அப்படித்தான். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரக் காலத்தில் மண்ணும் பாறையும் முழுக்கச் சூடேறியிருக்கும். நடுவில் இரண்டு கோடை மழை பெய்துவிட்டால் அந்த ஆண்டு தப்பித்தோம். ஆனால் மழை மண்ணுக்குள் இறங்கினால்தான் அந்தக் குளிர்ச்சி நாலு நாள் நிற்கும். சிமென்ட் தரையில் விழுந்தது பத்து நிமிடத்தில் சாக்கடைக்குப் போய்விடும். அரை மணியில் புழுக்கம் மட்டும் மிஞ்சும்.

மரம் ஏ.சி. மாதிரி என்கிறார்கள். மிகையா?

நிழலைத் தவிர்த்துவிட்டு இலை விடும் நீரை மட்டும் கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். வேருக்கு ஈரம் கிடைக்கும் ஒரு பெரிய மரம் நாளைக்கு 100 லிட்டர் நீரை இலை வழியாக விட்டால், அது உறிஞ்சும் வெப்பம் ஏறக்குறைய 67 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு டன் ஏ.சி. 19 மணி நேரம் ஓடினால்தான் அவ்வளவு வெப்பத்தை நீக்கும். ஏ.சி. அதைப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளும். மரம் அதை ஆவியோடு மேலே அனுப்பிவிடும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வேருக்கு ஈரம் இல்லையென்றால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும்; அப்போது நிழல் மட்டும்தான் மிச்சம். நம் ஊரில் அடிமரத்தின் கழுத்து வரை காங்கிரீட் போட்டு மூடுகிறார்கள். பேவர் பிளாக் பதிக்கும்போது மரத்தைச் சுற்றிக் கையகல மண்ணைக்கூட விடுவதில்லை. அந்த மரம் நிற்கும், ஆனால் குளிர்விக்காது. சில ஆண்டில் ஒரு காற்றில் சாய்ந்தும் போகும். மரத்தைச் சுற்றி நாலுக்கு நாலு அடி மண் விடுங்கள் என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்பது உங்கள் உரிமை. வேலை நடக்கும் அன்றே கேட்க வேண்டும்; காய்ந்த பிறகு யாரும் உடைக்க மாட்டார்கள்.

சென்னை போன்ற கடலோர ஊரில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் இலை விடும் நீரால் அவ்வளவு பயன் தெரியாது. நம்முடையது வறண்ட காற்று. இங்கே ஒவ்வொரு லிட்டருக்கும் பலன் உண்டு.

எந்த மரம் நடுவது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்று: பங்குனி, சித்திரை, வைகாசியில் அதில் இலை இருக்குமா?

புங்கன் மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, சித்திரை பிறக்கும்போது எண்ணெய் தடவியது போன்ற பச்சைத் தளிரோடு நிற்கும். நமக்கு எப்போது நிழல் வேண்டுமோ அப்போது முழுக் குடை. வேரும் அடங்கி இருக்கும், உயரமும் மின்கம்பிக்குப் பெரிய தொல்லை தராது. தெருவுக்கு ஒரே மரம் சொல் என்றால் புங்கனைத்தான் சொல்வேன். வேம்பும் அப்படித்தான், வருடப் பிறப்புக்குப் பச்சடிக்குப் பூப் பறிக்கும்போது மரம் நிறைய இலை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவரசு ஆண்டு முழுவதும் பச்சை. ஒரு கிளையை வெட்டி நட்டாலே பிழைக்கும்.

புளி நம் மாவட்டங்களின் மரம். சேலத்திலிருந்து பெங்களூரு வரை சாலையின் இருபுறமும் கைகோத்து நின்ற புளிய மரங்களுக்குக் கீழே பயணம் செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிமரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து எண் எழுதியிருக்கும். பழத்தை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடும். நாலு வழிச் சாலைக்காக அவை போன பிறகு அந்தச் சாலையில் நடந்து போகிறவர்களே குறைந்துவிட்டார்கள். தெருவுக்குள் புளி பெரிதாகிவிடும். ஆனால் பள்ளி மைதானத்துக்கும் சந்தைக்கும் ஊர் எல்லைச் சாலைக்கும் அதைவிட நல்ல நிழல் தெரியவில்லை.

ஆலும் அரசும் ஏரிக்கரைக்கும் கோயில் வெளிக்கும். வீட்டுப் பக்கம் வேண்டாம், சுவரைப் பிளக்கும். தூங்குமூஞ்சி மரம் பெரிய குடை பிடிக்கும். பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொள்வதால் தரையின் சூடு இரவில் வானத்துக்குப் போக வழி கிடைக்கும். ஆனால் கிளை ஒடியும், நெருக்கமான தெருவுக்கு ஆகாது. செந்நிறமாகப் பூக்கும் குல்மோகர் கண்ணுக்கு அழகு. கத்திரி நேரத்தில் பூ நிறைய இருக்கும், இலை குறைவாக இருக்கும்.

வாசலில் வரிசையாக நெட்டிலிங்கம் வைப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், வேண்டாம். அது ஈட்டி போல நேராக வளரும். ஒரு நாற்காலி போட்டு உட்காரக்கூட நிழல் விழாது. அலங்காரப் பனையும் அப்படியே.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மிகக் குறுகிய, வண்டி நெரிசல் மிகுந்த தெருவில் மேலே இடைவெளியே இல்லாமல் இலை மூடினால், இரவில் சூடும் வண்டிப் புகையும் கீழேயே தங்கும். அங்கே மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு நடுவதே சரி.

சாலைக்காக ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நடுகிறார்கள். கணக்கு சரியாகிவிடுமே?

15 மீட்டர் குடை விரித்த ஒரு புளியை எடுத்துக்கொள்ளுங்கள். கன்றின் குடை ஒரு மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். நிழலின் பரப்பு குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15 பெருக்கல் 15, ஆக 225. அந்த ஒரு மரத்தின் நிழலை இன்றைக்கே ஈடு செய்ய 225 கன்று வேண்டும். அவையும் ஊருக்கு வெளியே எங்கோ ஒரு புறம்போக்கில் நட்டால், இந்தச் சாலையில் நடப்பவருக்கு ஒரு சதுர அடி நிழலும் திரும்பி வராது.

எல்லாச் சாலையையும் எதிர்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டுவதற்கு ஐந்து ஆண்டு முன்னதாகப் புதிய ஓரத்தில் கன்று நட்டுவிட்டு, அது தோளுயரம் தாண்டிய பிறகு பழையதை வெட்டலாம். சாலைத் திட்டங்கள் ஒரே நாளில் முடிவாவதில்லை; அந்தக் காலம் நம்மிடம் இருக்கிறது.

நகரத்துக்கு ஒரு பெரிய பூங்கா அமைத்தால் போதாதா?

பூங்காவின் குளிர்ச்சி அதன் வேலியைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்று பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். ஏறக்குறைய பூங்காவின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம். அதற்குப் பிறகு தெரியாது. குமாரசாமிப்பேட்டையில் இருப்பவருக்கு ஊரின் மறுகோடியில் இருக்கும் பூங்காவால் இரவில் தூக்கம் வராது. நடந்து போகும் தொலைவில் சிறிது சிறிதாகப் பல இடம் வேண்டும்.

அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் செய்தி. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மனை வாங்கும்போது வரைபடத்தில் பச்சை நிறத்தில் 'பூங்கா' என்று காட்டுவார்களே, அதுதான். எங்கள் பக்கத்து மனைப்பிரிவில் அப்படி ஒரு இடம் பத்து ஆண்டுக்கும் மேலாகச் சீமைக் கருவேல முள்ளோடும் கட்டட இடிபாட்டோடும் கிடந்தது. சிலர் அதன் ஓரத்தில் மாடு கட்டினார்கள், ஒருவர் மணல் கொட்டி வைத்தார். அதை மீட்க நாங்கள் கொடுத்த மனுவுக்கு மூன்று முறை "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. உங்கள் மனைப்பிரிவின் வரைபட நகலை எடுத்து, பூங்கா என்று குறித்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். சாலையும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மீட்ட பிறகு புல்தரை, நீரூற்று, சிமென்ட் யானை என்று போக வேண்டாம். வெறும் புல் வெயிலில் நிழல் தராது, தண்ணீரை மட்டும் குடிக்கும். நடைபாதையைத் தவிர மற்றதை மண்ணாகவே விட்டு மரம் வைத்தால் போதும். மியாவாக்கி என்னும் குறுங்காடு முறையில் நெருக்கமாக நடுவது பயனற்ற மூலைகளுக்கு நல்லது. ஆனால் அதற்குள் மனிதர் உட்கார முடியாது என்பதால் முழு இடத்தையும் அப்படி ஆக்க வேண்டாம்.

ஏரி இருந்தால் ஊர் குளிருமா?

தண்ணீர் இருந்தால் குளிரும். பகலில் ஏரி மெதுவாகத்தான் சூடாகும், அதன் மேல் தடவி வரும் காற்று கரையோரத் தெருக்களுக்கு இதமாக இருக்கும். ராமாக்காள் ஏரியிலும் இலக்கியம்பட்டி ஏரியிலும் நீர் நிறைந்த ஆண்டுகளில் கரையில் மாலை நடப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். இரவில் இந்தக் கணக்கு மாறும். தண்ணீர் பகல் சூட்டை வைத்திருப்பதால் நள்ளிரவுக்கு மேல் காய்ந்த வயலே அதிகம் குளிர்ந்திருக்கும்.

வற்றிய ஏரி வெறும் மைதானம். கரையைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் போடுவதற்கு முன்னால் வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கரைச் சரிவைக் காங்கிரீட்டால் பூசுவதற்குப் பதில் பனையும் மருதும் வைக்கலாம்.

கிருஷ்ணகிரியில் மலையே ஊரைச் சுட வைக்கிறது என்கிறார்களே?

கொஞ்சம் உண்மை உண்டு. சையத் பாஷா மலை போன்ற மொட்டைக் கருங்கல் பகல் முழுவதும் வெயிலை வாங்கி முன்னிரவு வரை வீசும். அடிவாரத்தில் இருப்பவர்கள் இதை உணர்வார்கள். ஆனால் அதே மலையால் வேறொரு நன்மையும் வரும். நள்ளிரவுக்கு மேல் சரிவில் குளிர்ந்த காற்று கனம் கூடிப் பள்ளத்தை நோக்கி இறங்கும். அது இறங்கும் ஓடைகளையும் தாழ்வான வெளிகளையும் அடைத்துச் சுவர் எழுப்பினால் ஊருக்குள் வராது. ஜெர்மனியில் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் ஸ்டுட்கார்ட் நகரத்தில், இந்தக் காற்று வரும் வழிகளை வரைபடமாக்கி அங்கே கட்டடம் எழும்பாமல் பார்க்கிறார்கள். நகராட்சியிலேயே 1938 முதல் அதற்கென வானிலை அறிந்தவர்கள் பணியில் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரிக்கு அப்படி ஒரு வரைபடம் வரைவது பெரிய செலவில்லை.

மலையைவிட எனக்குக் கவலை மாந்தோப்புகள். மா ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் மரம். கிருஷ்ணகிரியைச் சுற்றியிருக்கும் தோப்புகள்தான் அந்த ஊரின் குளிர்ச்சிக்கு வேலி. தோப்பை அழித்து மனை போடுபவர்கள், சாலை வரப்போகும் ஓரத்தில் நிற்கும் வரிசை மரங்களை மட்டுமாவது விட்டுவைத்தால், குடி வருபவர்களுக்கு முப்பது ஆண்டு வளர்ந்த நிழல் முதல் நாளே கிடைக்கும். மனை விலையும் கூடும், சொல்லிப் பாருங்கள்.

ஏ.சி. போட்டுக்கொண்டால் முடிந்தது இல்லையா?

உங்கள் அறைக்கு முடிந்தது. ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் ஏ.சி., மொத்தம் நான்கு யூனிட்டைச் சந்தில் கொட்டுகிறது. சந்துக்கு அந்தப்பக்கம் சன்னலைத் திறந்து படுப்பவர் அதை வாங்குகிறார். தேவையானவர்கள் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும், முதியவர்களுக்கு அது உயிர் காக்கும். வெளிப்பெட்டியை அடுத்தவர் சன்னலுக்கு எதிரே வைக்காமல் மாடியில் வைக்கச் சொல்லுங்கள்.

மாடிக்கு வெள்ளையடித்தால் பயன் உண்டா?

உண்டு. செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதைவிடச் சிறந்தது ஒன்றும் இல்லை. புதுத் தார் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 5 சதவீதத்தைத்தான் திருப்பும்; பழைய சிமென்ட் தளம் 20 முதல் 30; சுத்தமான வெள்ளைப் பூச்சு 70-க்கு மேல். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே குளிர் கூரைக் கொள்கை கொண்டுவந்தது.

கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, பசை கலந்து, மாசி மாதம் மாலை வேளையில் இரண்டு பூச்சு அடியுங்கள். முதலில் தளத்தை நன்றாகக் கூட்டிக் கழுவி ஈரப்படுத்த வேண்டும். மழையில் கரையும், ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும். தூசு படிந்தால் பலன் பாதியாகிவிடும், நடுவில் ஒருமுறை கழுவிவிடுங்கள். கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் மறக்காதீர்கள்.

தகர ஷீட்டும் சிமென்ட் ஷீட்டும் போட்ட வீடுகளில்தான் இது மிக அவசரம். அங்கே மேலே வெள்ளை, கீழே தென்னங்கீற்றுத் தட்டி என்று இரண்டும் வேண்டும். அடுப்பு இருக்கும் பக்கம் கீற்று வேண்டாம்.

மரமும் பூங்காவும் யாருக்கு முதலில் வேண்டும்?

பேருந்து நிலையத்துக்கு வெளியே பூ விற்கும் ஓர் அம்மாவை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். காலையில் ஒரு கடையின் படிக்கட்டு ஓரம் இருப்பார். பத்து மணிக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு விளம்பரப் பலகையின் நிழலுக்கு வருவார். பன்னிரண்டு மணிக்கு அந்த நிழல் பலகைக்கு அடியிலேயே சுருங்கிவிடும். அப்போது ஈரச்சாக்கைப் பூவின் மேல் போர்த்திவிட்டு, தான் வெயிலில் உட்காருவார். பூ வாடினால் முதல் போய்விடும் என்பார். அவர் இருக்கும் இடத்திலிருந்து முப்பதடியில் ஒரு வேப்பமரம் இருந்தது. இப்போது அங்கே வெட்டிய அடிக்கட்டை இருக்கிறது.

முதலில் அவருக்கு. பிறகு சந்தை, பேருந்து நிறுத்தம், நியாயவிலைக் கடை வரிசை, அரசு மருத்துவமனை வாசல், கட்டட வேலைக்கு ஆள் கூடும் முச்சந்தி. அதற்குப் பிறகு குடியிருப்புகள். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி உண்டு. அது வேண்டியதுதான். அந்த உதவி தேவைப்படாமல் இருக்க ஒரு மரமும் ஒரு குடிநீர்ப் பானையும் அதற்கு முன்னால் வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் பேச்சுக் குழறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ நிழலுக்குத் தூக்கிப்போய், தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறி, உடனே 108-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

எப்போது நடலாம், எப்படிக் காப்பாற்றுவது?

நமக்கு அதிக மழை செப்டம்பர், அக்டோபரில். ஆவணியில் குழி எடுத்து ஆறப்போட்டு, முதல் நல்ல மழைக்குப் பிறகு நடுங்கள். வேர் பிடிக்க மழைக்காலம் முழுவதும் கிடைக்கும். சுற்றுச்சூழல் தினத்துக்காக ஜூன் 5-இல் நடும் கன்றுகளுக்கு ஆவணி வரை யாராவது தண்ணீர் சுமக்க வேண்டும், பெரும்பாலும் சுமப்பதில்லை. வனத்துறை நாற்றங்காலில் கேட்டால் கன்று கிடைக்கும். இடுப்புயரத்துக்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

குழி இரண்டுக்கு இரண்டு அடி. நம் ஊரில் இரண்டடியில் பாறை தட்டினால் கடப்பாரையோடு போராடாமல் நாலடி தள்ளித் தோண்டுங்கள். முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் வேண்டும். பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். 20 லிட்டர் கேனின் அடியில் ஊசித் துளையிட்டு அடிமரத்தோரம் வைத்தால் இரண்டு நாளுக்கு வரும். கம்பியோரம் நட வேண்டாம்; நாங்கள் நட்ட ஐந்தாவது ஆண்டுப் புங்கனை ஒரு நாள் காலையில் கம்பிக்காக இடுப்பளவில் வெட்டிவிட்டுப் போனார்கள், தவறு இடம் பார்க்காத எங்களுடையதும்தான்.

கடைசியாக ஆடு. இரும்புக் கூண்டு வாங்க வசதி இல்லையென்றால் முள் வெட்டி வளைத்துக் கட்டுங்கள், மூன்றடி உயரத்துக்குக் குறையாமல். முள் காய்ந்து சரிந்ததும் மறுபடி கட்ட வேண்டும். எங்கள் தெருவில் அந்த வேலையை நான்காம் வகுப்புப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி விட்டு வரும் வழியில் ஒவ்வொரு கூண்டையும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.